லினக்ஸ் கடிகாரம் தப்பா ஓடுதா? நேரத்தை மாற்றும் முன் எது தப்பு என்று பாருங்கள்

கம்ப்யூட்டர் நேரம் தப்பாகக் காட்டினால் உடனே செட்டிங்ஸுக்குப் போய் மணியை மாற்றாதீர்கள். முக்கால்வாசிப் பேர் செய்வது அதுதான், பிரச்சினை இரண்டு மடங்காவதும் அங்கேதான். யூனிக்ஸ் குடும்பத்தில், அது லினக்ஸோ ஃப்ரீபிஎஸ்டியோ மேக்கோ எதுவாக இருந்தாலும், நேரம் என்பது இரண்டு தனித்தனி விஷயம். ஒன்று, உள்ளே ஓடுகிற கடிகாரம். இன்னொன்று, அந்தக் கடிகாரத்தை எந்த ஊர் நேரமாக நமக்குக் காட்ட வேண்டும் என்ற நேர மண்டலம். இரண்டில் எது தப்பு என்று தெரியாமல் கை வைத்தால், திரையில் மணி சரியாகத் தெரியும், உள்ளே ஐந்தரை மணி நேரம் தள்ளிப் போயிருக்கும்.

உள்ளே இருப்பது வெறும் ஒரு எண்தான். 1970 ஜனவரி 1, யுடிசி (உலகப் பொது நேரம்) நேரப்படி நள்ளிரவு பூஜ்ஜியம் மணியிலிருந்து எத்தனை விநாடி ஆகியிருக்கிறது என்ற கணக்கு. இந்தக் கணத்தில் மதுரையில் இருக்கும் மெஷினிலும் டொராண்டோவில் இருக்கும் மெஷினிலும் அந்த எண் ஒன்றாகவே இருக்க வேண்டும். அந்த எண்ணை நம்மூர் மணியாக மாற்றிக் காட்டுவது தனி வேலை, அதற்கென்று தனிக் கோப்புகள் இருக்கின்றன. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு சென்னையும் தெரியாது, சிங்கப்பூரும் தெரியாது.

கீழே கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. கண்டத்தின் பெயர், ஊரின் பெயர் இவற்றின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. பெரிய எழுத்து வரும் வேறு இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

சரி, முதலில் இதை அடியுங்கள்:

டேட் -யு

இது நேர மண்டலத்தை ஒதுக்கிவிட்டு யுடிசி நேரத்தை மட்டும் காட்டும். பக்கத்தில் போனை வைத்துக்கொள்ளுங்கள். போன் காட்டும் மணியிலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழியுங்கள் (இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இதே கணக்கு, சிங்கப்பூர், மலேசியா என்றால் எட்டு மணி நேரம்). போனில் மாலை 4:00 என்றால் டெர்மினலில் காலை 10:30 வர வேண்டும். வந்துவிட்டதா? அப்படியானால் உங்கள் கடிகாரம் அருமையாக ஓடுகிறது, நேர மண்டலம்தான் தப்பு, கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். 10:30 வரவில்லை என்றால் கடிகாரமே தப்பு.

எவ்வளவு தப்பு என்பதும் நிறையச் சொல்லும். போனில் மாலை 4:00 இருக்கும்போது இந்தக் கட்டளையும் 16:00 என்றே காட்டினால், அதாவது யுடிசி இருக்க வேண்டிய இடத்தில் நம்மூர் நேரம் உட்கார்ந்திருந்தால், இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. யாரோ மண்டலத்தைச் சரிசெய்யாமல் மணியைக் கையால் மாற்றியிருக்கிறார்கள், இல்லையென்றால் அதே கம்ப்யூட்டரில் விண்டோஸும் இருக்கிறது. சில விநாடிகளோ சில நிமிடங்களோ வித்தியாசம் என்றால் இணையத்திலிருந்து நேரம் வாங்கும் சேவை ஓடவில்லை. வருடக்கணக்கில் பின்னால் போயிருந்தால் மதர்போர்டு பேட்டரி. விர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) சம்பந்தமே இல்லாமல் சில மணி நேரம் பின்தங்கியிருந்தால், லேப்டாப்பை மூடித் தூங்கவிட்டுத் திறந்தபோது உள்ளே இருந்த மெஷினுக்கு இடையில் போன நேரம் தெரியாமல் போயிருக்கும்.

அடுத்து, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள லினக்ஸ் எல்லாவற்றிலும் (உபுண்டு, டெபியன், ஃபெடோரா, இப்படி இன்று பெரும்பாலானவை) இன்னொரு கட்டளை இருக்கிறது:

டைம்டேட்சிடிஎல்

கடைசியில் வருவது சி, டி, எல் என்று மூன்று எழுத்து (இந்த டி, டைம் என்பதன் முதல் எழுத்து). இதை வெறுமனே அடித்தால் உள்ளூர் நேரம், யுடிசி நேரம், ஹார்டுவேர் கடிகாரத்தின் நேரம், நேர மண்டலம், கடிகாரம் இணையத்தோடு ஒத்துப்போகிறதா, என்டிபி சேவை (இணையத்திலிருந்து நேரம் வாங்குவது) ஓடுகிறதா, ஹார்டுவேர் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று ஏழு வரிகள் வரும். கடைசி வரியில் 'நோ' என்று இருக்க வேண்டும், அதற்கு முந்தைய இரண்டும் 'யெஸ்', 'ஆக்டிவ்' என்று இருக்க வேண்டும். எதையும் மாற்றும் முன் இந்த ஏழு வரியை ஒரு இடத்தில் காப்பி செய்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஒப்பிட உதவும்.

இனி வரிசை முக்கியம். மண்டலம் முதலில், கடிகாரம் பிறகு. ஏனென்றால் நீங்கள் கையால் கொடுக்கும் மணியை மெஷின், அப்போது அமலில் இருக்கும் மண்டலத்தின் மணியாகவே எடுத்துக்கொள்ளும். மண்டலம் யுடிசி-யில் இருக்கும்போது மாலை 4:00 என்று கொடுத்துவிட்டு, அப்புறம் மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றினால் திரையில் இரவு 9:30 வரும்.

மண்டலத்தை மாற்ற (முன்னால் வரும் சூடோ, கட்டளையை நிர்வாகி அனுமதியோடு ஓட்டுவதற்கு):

சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-டைம்ஸோன் ஏசியா/கொல்கத்தா

சென்னை எங்கே என்று தேடாதீர்கள், பட்டியலில் கிடையாது. இந்த மண்டலப் பட்டியலை ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கினார், இப்போது பால் எகர்ட் பராமரிக்கிறார், 2011 முதல் இணைய முகவரி எண்களை நிர்வகிக்கும் ஐயானா அமைப்பின் கீழ் வெளியாகிறது. 1970-க்குப் பிறகு ஒரே நேரத்தைக் கடைப்பிடித்த பகுதிக்கு ஒரு பெரிய ஊரின் பெயர் போதும் என்பது அவர்கள் விதி. அதனால் இந்தியா முழுமைக்கும் கொல்கத்தாதான். பழைய கால்கட்டா என்ற எழுத்துக்கூட்டலும் பல மெஷின்களில் இன்னும் வேலை செய்யும். ஆனால் அந்தக் கொல்கத்தா கோப்புக்குள்ளேயே சென்னை இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்: 1906 ஜனவரி 1-இல் இந்தியப் பொது நேரம் வருவதற்கு முன் இருந்த மெட்ராஸ் நேரம், யுடிசி-யிலிருந்து 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னே, அதில் பதிவாகியிருக்கிறது. 1900-ஆம் வருடத்துத் தேதி ஒன்றைக் கொடுத்துக் கேட்டால் மண்டலத்தின் பெயராக எம்எம்டி என்று வரும், அது அந்த மெட்ராஸ் நேரம்தான்.

ஏசியா/சென்னை என்று கொடுத்தால் மேலே சொன்ன கட்டளை ஏற்காது, பிழை காட்டிவிடும், அது நல்லது. ஆபத்து வேறு இடத்தில். டிஇசட் என்ற சூழல் மாறியில் (பெயர் முழுக்கப் பெரிய எழுத்து) அதே தப்பான பெயரைக் கொடுத்தால் லினக்ஸ் ஒரு வார்த்தை சொல்லாமல் யுடிசி-க்குப் போய்விடும், ஊர்ப் பெயர் வர வேண்டிய இடத்தில் 'ஏசியா' என்று மட்டும் எழுதிவிட்டு. டேட் கட்டளையின் விடையில் இந்தியப் பொது நேரத்தைக் குறிக்கும் ஐஎஸ்டி-க்குப் பதில் ஏசியா என்று பார்த்தால், எங்கேயோ எழுத்துப்பிழை என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஐஎஸ்டி என்ற மூன்றெழுத்தையும் மண்டலப் பெயராக எங்கும் கொடுக்காதீர்கள். இஸ்ரேலுக்கும் அதே மூன்றெழுத்து, அயர்லாந்தின் கோடை நேரத்துக்கும் அதே மூன்றெழுத்து. யுடிசி+5:30 என்று டிஇசட் மாறியில் எழுதுவது இன்னும் மோசம், ஏனென்றால் யூனிக்ஸ் குடும்பத்துக்கான பாசிக்ஸ் என்ற பொது விதிப்படி அங்கே கூட்டல் என்றால் கிரீன்விச்சுக்கு மேற்கே. நீங்கள் ஐந்தரை மணி முன்னே போக நினைத்து எழுதுவீர்கள், அது ஐந்தரை மணி பின்னே போகும், மொத்தம் பதினோரு மணி நேரம் வித்தியாசம். ஊர்ப் பெயரையே கொடுங்கள்.

ஊர்ப் பெயர் கொடுப்பதற்கு இன்னொரு வலுவான காரணம் இலங்கை. இன்று கொழும்பும் கொல்கத்தாவும் ஒரே நேரம்தானே, எதைக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். 1996 மே மாதம் இலங்கை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி 6:30 ஆக்கியது, அதே வருடம் அக்டோபரில் 6:00 ஆனது, 2006 ஏப்ரலில்தான் மறுபடி 5:30-க்குத் திரும்பியது. அந்தப் பத்து வருடத்துப் பதிவுகளை யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ உள்ள ஒரு மெஷினில் கொல்கத்தா மண்டலத்தை வைத்துப் படித்தால் பெரும்பாலானவை அரை மணி தப்பாக வரும், 1996-இன் அந்த முதல் சில மாதங்கள் ஒரு மணி. இலங்கையில் இருப்பவர்கள் ஏசியா/கொலம்போ என்றே வையுங்கள்.

சிஸ்டம்டி இல்லாத இடங்களில் வேலை சுலபம்தான். நேர மண்டலம் என்பது ஒரு சிம்லிங்க் (இன்னொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு), அவ்வளவே:

சூடோ எல்என் -எஸ்எஃப் /யுஎஸ்ஆர்/ஷேர்/ஸோன்இன்ஃபோ/ஏசியா/கொல்கத்தா /இடிசி/லோக்கல்டைம்

டெபியனில் டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கட்டளையோடு டிஇசட்டேட்டா என்று கொடுத்தால் பட்டியல் போட்டுக் கேட்கும். ஃப்ரீபிஎஸ்டியில் டிஇசட்செட்டப். மேக்கில் செட்டிங்ஸ் வழியாகவே செய்துவிடலாம். ஆல்பைன் லினக்ஸில் மட்டும் கவனம், அதில் ஸோன்இன்ஃபோ கோப்புகள் இயல்பாக வருவதில்லை, டிஇசட்டேட்டா பேக்கேஜை முதலில் போட வேண்டும். டாக்கர் கன்டெய்னருக்குள் (மென்பொருளைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டி) மணி எப்போதும் யுடிசி-யில் நிற்கிறது என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் ஆல்பைன் இமேஜில்தான் மாட்டியிருப்பார்கள்.

மாற்றியாயிற்று, டெர்மினலில் சரியாக வருகிறது, ஆனால் கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) மட்டும் பழைய நேரத்திலேயே ஓடுகிறது என்றால் பயப்பட வேண்டாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் பல, மண்டலத்தைத் தொடங்கும்போது ஒரு தடவைதான் படிக்கும். கிரான், லாக் எழுதும் ஆர்சிஸ்லாக், டேட்டாபேஸ் ஆகியவற்றை ரீஸ்டார்ட் செய்யுங்கள், சொந்த மெஷின் என்றால் ஒரேயடியாக ரீபூட் செய்துவிடுங்கள். சில மென்பொருள்கள் சிஸ்டம் மண்டலத்தைப் பார்ப்பதே இல்லை. பிஹெச்பி தன் ஐஎன்ஐ கோப்பில் உள்ள டேட்.டைம்ஸோன் வரியைத்தான் பார்க்கும், அது காலியாக இருந்தால் யுடிசி. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கும் தன் கான்ஃபிகில் தனி டைம்ஸோன் வரி உண்டு. வெப்சைட்டில் மட்டும் மணி தப்பு என்றால் அங்கே தேடுங்கள், கடிகாரத்தை விட்டுவிடுங்கள்.

சர்வர் என்றால் என் கருத்து ஒன்றே ஒன்று: யுடிசி-யிலேயே விட்டுவிடுங்கள். நாளைக்கு மும்பையில் ஒன்று, ஃபிராங்க்பர்ட்டில் ஒன்று என்று சர்வர்கள் வந்த பிறகு லாக்குகளை ஒப்பிடும்போது இதன் அருமை தெரியும். லாகின் செய்யும்போது உங்களுக்கு மட்டும் நம்மூர் மணி வேண்டுமென்றால் உங்கள் புரொஃபைல் கோப்பில் டிஇசட் மாறியை ஏசியா/கொல்கத்தா என்று எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் மாறாது.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். கையால் மாற்றுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள், இணையம் இருந்தால் மெஷினே சரியான நேரத்தை வாங்கிக்கொள்ளும். டேவிட் மில்ஸ் 1980-களில் உருவாக்கிய என்டிபி என்ற முறை இன்றைக்கும் உலகம் முழுக்க இதைத்தான் செய்கிறது.

சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ

ஒரு நிமிடம் விட்டு மறுபடி டைம்டேட்சிடிஎல் அடித்துப் பாருங்கள். ஒத்துப்போகிறது என்ற வரியில் 'யெஸ்' வந்தால் வேலை முடிந்தது. என்டிபி ஆதரவே இல்லை என்று பிழை வந்தால் அந்தச் சேவை இன்ஸ்டால் ஆகவில்லை. சாதாரணமாக சிஸ்டம்டி-டைம்சிங்க்டி என்ற சேவை போதும், சர்வர் என்றாலோ அடிக்கடி தூங்கி எழும் லேப்டாப், விர்ச்சுவல் மெஷின் என்றாலோ க்ரோனி என்ற சேவை இன்னும் நல்லது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விடாதீர்கள், ஒரே கடிகாரத்தை இரண்டு பேர் பிடித்து இழுக்கக் கூடாது.

'யெஸ்' வரவே இல்லையா? அலுவலகம், கல்லூரி நெட்வொர்க்கில் இது ரொம்ப சகஜம். என்டிபி யுடிபி 123-ஆம் போர்ட்டில் பேசும், ஃபயர்வால் அதை அடைத்திருக்கும். நெட்வொர்க் பார்ப்பவரிடம் உள்ளேயே என்டிபி சர்வர் இருக்கிறதா என்று கேளுங்கள், பெரிய இடங்களில் பெரும்பாலும் இருக்கும், அதன் முகவரியைக் கான்ஃபிக் கோப்பில் போட்டுவிட்டால் சரியாகிவிடும். இந்தியாவில் நிறுவனங்களுக்கு இது விருப்பம் சார்ந்த விஷயமும் இல்லை. 2022 ஏப்ரல் 28-இல் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றை ஆதாரமாகக் கொண்ட சர்வர்களோடு கடிகாரங்களை ஒத்திசைக்கச் சொல்கிறது.

சேவை ஓடுகிறது, சர்வரும் பதில் சொல்கிறது, ஆனால் மணி இன்னும் தப்பாகவே இருக்கிறது என்ற நிலையும் உண்டு. காரணம், இந்தச் சேவைகள் கடிகாரத்தைத் தடாலடியாகத் திருப்ப விரும்புவதில்லை, ஓட்டத்தைக் கொஞ்சம் வேகமாக்கியோ மெதுவாக்கியோ படிப்படியாகச் சரிசெய்யப் பார்க்கும். பழைய என்டிபிடி என்ற சேவை அப்படி நகர்த்தும் உச்ச வேகம் பத்து லட்சத்தில் 500 பங்கு, அதாவது ஒரு விநாடியைச் சரிசெய்யவே 2000 விநாடி பிடிக்கும், அரை மணிக்கும் மேல். வித்தியாசம் 1000 விநாடியைத் தாண்டினால் ஏதோ பெரிய கோளாறு என்று முடிவுகட்டி அது வெளியேறியே விடும், அதை மீறித் திருத்த வேண்டுமென்றால் தொடங்கும்போது -ஜி என்று கொடுக்க வேண்டும். க்ரோனியில் இதற்கு நேரடி வழி இருக்கிறது:

சூடோ க்ரோனிசி மேக்ஸ்டெப்

மேக், ஸ்டெப் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் ஒட்டி எழுத வேண்டும். கடிகாரம் உடனே குதித்துச் சரியாகும். பிறகு க்ரோனிசி ட்ராக்கிங் என்று அடித்தால் இப்போது எவ்வளவு வித்தியாசம் என்று விநாடிக் கணக்கில் காட்டும்.

குதிக்க வைக்கும் முன் ஒன்று. கடிகாரம் முன்னே ஓடியிருந்து நீங்கள் பின்னே இழுக்கிறீர்கள் என்றால், டேட்டாபேஸ் போன்றவற்றை முதலில் நிறுத்திவிடுங்கள். நேரம் பின்னோக்கிப் போகும் என்று பல புரோகிராம்கள் எதிர்பார்ப்பதில்லை, பிறகு நடந்தது முன்பு நடந்ததாகப் பதிவாகிவிடும்.

இணையமே இல்லாத மெஷின் என்றால் கையால்தான். செட்-என்டிபி கட்டளையில் ட்ரூ என்ற இடத்தில் ஃபால்ஸ் என்று கொடுத்துத் தானியங்கியை நிறுத்திவிட்டு (நிறுத்தாவிட்டால் நீங்கள் வைத்த மணியை அது பிறகு மாற்றிவிடலாம்), யுடிசி கணக்கிலேயே மணியைக் கொடுங்கள், மண்டலக் குழப்பம் வராது:

சூடோ டேட் -யு -எஸ் '2025-06-14 10:30:00'

இது மாலை 4:00-க்கான கட்டளை, தேதியையும் மணியையும் உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்ததாக ஹார்டுவேர் கடிகாரத்துக்கும் அதே நேரத்தை எழுதுங்கள், இல்லையென்றால் ரீபூட்டில் பழையபடி ஆகிவிடலாம்:

சூடோ ஹெச்டபிள்யூக்ளாக் -டபிள்யூ

ஹெச், டபிள்யூ என்ற இரண்டு எழுத்து, ஒட்டிக்கொண்டு க்ளாக். கடைசி டபிள்யூ எழுதுவதற்கு, அந்த இடத்தில் ஆர் என்று கொடுத்தால் படித்துக் காட்டும். ஹார்டுவேர் கடிகாரம் என்பது கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் மதர்போர்டில் ஓடிக்கொண்டிருப்பது, அதற்கு உயிர் கொடுப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரி. ஒவ்வொரு முறை ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் தேதி பழைய வருடத்துக்குப் போனால் மென்பொருளில் தேடாதீர்கள், எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும் அந்த பேட்டரியை மாற்றுங்கள். ராஸ்பெர்ரி பை 4 வரை இந்தக் கடிகாரமே கிடையாது, கடைசியாக அணைத்தபோது கோப்பில் சேமித்த நேரத்திலிருந்துதான் தொடங்கும். பை 5-இல் கடிகாரம் இருக்கிறது, பேட்டரி மட்டும் தனியாக வாங்கிப் போட வேண்டும். இணையமில்லாத இடத்தில் பழைய பை வைத்திருப்பவர்கள் டிஎஸ்3231 என்ற சின்ன மாட்யூலை வாங்கிப் பொருத்துவது நல்லது.

இனி விண்டோஸும் லினக்ஸும் ஒரே மெஷினில் இருக்கும் கதை. லினக்ஸ், ஹார்டுவேர் கடிகாரத்தில் யுடிசி இருப்பதாக எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் அதில் உள்ளூர் நேரம் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் மாலை 4:00 என்று எழுதிவிட்டுப் போனால், லினக்ஸ் அதை யுடிசி என்று படித்து ஐந்தரையைக் கூட்டி இரவு 9:30 என்று காட்டும், லினக்ஸ் 10:30 என்று எழுதிவிட்டுப் போனால் விண்டோஸ் காலை 10:30 என்றே காட்டும். எத்தனை தடவை மணியைத் திருத்தினாலும் அடுத்த முறை மாறி பூட் செய்யும்போது திரும்ப வரும். யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும், விண்டோஸை விட்டுக்கொடுக்க வைப்பதுதான் சரி. விண்டோஸ் ரிஜிஸ்ட்ரியில் ஹெச்கே லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், டைம்ஸோன் இன்ஃபர்மேஷன் என்று வரிசையாக உள்ளே போய், ரியல்டைம்இஸ்யுனிவர்சல் என்ற பெயரில் டிவேர்ட் (எண் மதிப்பு) ஒன்றை உருவாக்கி (பெயரில் இடைவெளி கிடையாது) மதிப்பை 1 என்று வையுங்கள். பிறகு லினக்ஸுக்கு வந்து மணி சரியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு ஹெச்டபிள்யூக்ளாக் கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள். விண்டோஸைத் தொட முடியாத நிலை, அலுவலக லேப்டாப் என்று வைத்துக்கொள்வோம், அப்போது மட்டும் லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று கொடுக்கலாம். எச்சரிக்கை ஒன்று வரும், வேலை நடக்கும், ஆனால் இந்தியா போல் வருடம் முழுக்க ஒரே நேரம் ஓடும் நாட்டில்தான் இது நிம்மதியாக ஓடும். கோடை நேரம் மாற்றுகிற நாடுகளில் வருடத்துக்கு இரண்டு முறை தலைவலி.

கன்டெய்னருக்குள் கடிகாரத்தை மாற்ற முயன்றால் அனுமதி இல்லை என்று வரும், வர வேண்டும். அதற்கென்று தனிக் கடிகாரம் கிடையாது, வெளியே உள்ள மெஷினுடையதுதான். அங்கே சரிசெய்யுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ரீபூட் செய்து, டேட் -யு அடித்து மறுபடி போனோடு ஒப்பிடுங்கள். பிரவுசரில் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று வந்த பிழைகள், மென்பொருள் நிறுவும் ஏபிடி கட்டளையின் அப்டேட்டில் ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லாது என்று வந்த பிழை, முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் ஓடிபி எண் நிராகரிக்கப்பட்டது எல்லாம் தானாகப் போயிருக்கும். அலுவலக நெட்வொர்க்குகளில் வரும் கெர்பராஸ் லாகினும் அப்படித்தான், அது இயல்பாக ஐந்து நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும்.

மிச்சம் ஒன்று இருக்கலாம். கடிகாரம் முன்னே ஓடிய காலத்தில் நீங்கள் சேமித்த கோப்புகளில் எதிர்காலத் தேதி உட்கார்ந்திருக்கும், மென்பொருளைத் தொகுக்கும் மேக் கட்டளையை ஓட்டினால் க்ளாக் ஸ்க்யூ (கடிகாரப் பிசகு) என்று எச்சரிக்கும், பேக்கப் மென்பொருளும் குழம்பும். இப்படித் தேடுங்கள்:

ஃபைண்ட் . -நியூவர்எம்டி நவ்

நியூவருக்குப் பின் வரும் எம், டி இரண்டும் தனி எழுத்து (இந்த டி-யும் டைம் என்பதன் முதல் எழுத்து), ஒட்டி எழுத வேண்டும். வந்த பட்டியலைப் பார்த்துவிட்டு, அந்தக் கோப்புகள் மேல் டச் கட்டளையை ஓட்டினால் இன்றைய தேதிக்கு வந்துவிடும். பட்டியல் காலியாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.